ஓய்வுப் பணத்தில் தங்கமும் வெள்ளியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிஎஃப், கிராஜுவிட்டி, விடுப்புச் சம்பளம் என்று ஓய்வு பெறும் மாதத்தில் வங்கிக் கணக்கில் மொத்தமாக ஒரு தொகை விழும். அதுவரை பார்த்திராத தொகையாக இருக்கும். அதே வாரத்தில் மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ சவரன் விலையைச் சொல்லி, "பேங்கில் போட்டு என்ன பண்ணப் போறீங்க?" என்று ஆரம்பிப்பார். அந்தப் பேச்சுக்குப் பிறகு எழும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் ஓய்வு பெறுபவரை மனதில் வைத்து எழுதியது. அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கான கேள்வி ஒன்றும் பின்னால் வருகிறது.

ஓய்வு பெற்று வந்த பணத்தில் தங்கம் வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். ஆனால் மாதச் செலவுக்கு வழி செய்த பிறகு மிஞ்சும் பணத்தில்தான். தங்கம் வட்டி தராது, வாடகை தராது. மளிகைக்கும் மருந்துக்கும் ஒவ்வொரு மாதமும் பணம் வேண்டும் என்பவர் கைப்பணம் முழுவதையும் தங்கமாக்கினால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை என்னவாக இருந்தாலும் கொஞ்சம் விற்றே ஆகவேண்டும்.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. அந்த வட்டியில் 30 லட்சம் போட்டவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய் வரும். புதிதாகச் சேர்பவர்களுக்கான வட்டியைக் காலாண்டுக்கு ஒருமுறை அரசு மறுபரிசீலனை செய்யும். நீங்கள் சேர்ந்த நாளில் இருந்த வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. இது போன்ற ஒன்றும், ஒரு வருடச் செலவுக்கான எஃப்டியும், மருத்துவக் காப்பீடும் முடிந்த பிறகு தங்கத்தைப் பற்றிப் பேசலாம்.

அப்படியானால் தங்கம் எதற்கு? எல்லாவற்றையும் எஃப்டியிலேயே வைத்துவிடலாமே?

ஓய்வுக்குப் பிறகு இருபது, இருபத்தைந்து வருடம் வாழ்க்கை இருக்கிறது. அதனால் பலர் ஒரு பகுதியைப் பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டிலும் வைத்திருக்கிறார்கள். அங்கேதான் தங்கத்துக்கு வேலை வருகிறது. 2008 ஜனவரியில் 21,000 பக்கம் இருந்த சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போனது. அந்த ஆண்டு ரூபாய்க் கணக்கில் தங்கம் ஏறியது. அப்போது செலவுக்குப் பணம் வேண்டியிருந்தவர் விழுந்து கிடந்த ஃபண்டைத் தொடாமல் தங்கத்தை விற்றிருந்தால், பங்குகள் மீண்டபோது அவருடைய யூனிட் முழுவதும் கையில் இருந்திருக்கும்.

இன்னொரு காரணம் ரூபாய். நம் ஊர்த் தங்க விலையில் லண்டன் சந்தையின் உலக விலையும் டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் சேர்ந்திருக்கின்றன. ரூபாய் பலவீனமானால் தங்கம் நம்மூரில் தானாக ஏறும். எஃப்டிக்கு அந்தக் குணம் கிடையாது.

பங்கு விழும் ஒவ்வொரு முறையும் தங்கம் ஏறும் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் எல்லோரும் பணத்தைத் தேடி ஓடியபோது தங்கமும் சில நாட்கள் சேர்ந்தே இறங்கியது, பிறகுதான் மேலே போனது.

எத்தனை சதவீதம்?

என் கணக்கு, சேமிப்பில் பத்து. ஐந்து என்றாலும் தப்பில்லை. பதினைந்துக்கு மேல் போக எனக்குத் துணிச்சல் இல்லை. பஞ்சப்படியோடு அரசு பென்ஷன் வாங்குபவருக்கு விலைவாசி உயர்வை பென்ஷனே ஓரளவு ஈடுகட்டுகிறது. அவருக்குத் தங்கத்தின் தேவை குறைவு, வைத்திருக்கும் தெம்பு அதிகம். தனியார் நிறுவனத்திலிருந்து வந்து, ஈபிஎஸ் பென்ஷன் மாதம் சில ஆயிரங்களோடு நின்றுவிட்டவருக்குத் தேவை அதிகம், தெம்பு குறைவு. அதனால் இரண்டு பேருக்கும் கடைசியில் ஏறக்குறைய ஒரே எண்தான் வருகிறது.

வீட்டில் ஏற்கெனவே நாற்பது சவரன் நகை இருக்கிறது. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டாமா?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். பதில் ஒரு எதிர்க்கேள்வி: அதை விற்பீர்களா?

நாற்பது சவரன் என்றால் 320 கிராம். பல வீடுகளில் மொத்த எஃப்டியைவிட அதன் மதிப்பு அதிகம். காகிதத்தில் பார்த்தால் அந்தக் குடும்பம் தேவைக்கு மேலேயே தங்கத்தில் இருக்கிறது. ஆனால் அதில் பாதி மகளுக்கு என்று பேசி வைத்தது, தாலிக்கொடி தொடக்கூடாதது, அம்மா போட்ட அட்டிகை விற்பனைக்கு இல்லை. பங்குச்சந்தை பாதியாக விழுந்தாலும் அந்த நகை கடைக்குப் போகாது. அப்படியானால் அது உங்கள் ஓய்வுச் சேமிப்பின் பகுதி இல்லை, அடுத்த தலைமுறையின் சொத்து. நீங்கள் பாதுகாத்து வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நகைகளை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எந்தச் சூழ்நிலையிலும் விற்காதவை ஒரு பக்கம். தேவைப்பட்டால் வருத்தமில்லாமல் விற்கக்கூடியவை இன்னொரு பக்கம்: அறுந்த செயின், ஒற்றைக் கம்மல், யாரும் போடாத பழைய வளையல், வங்கியில் வாங்கிய காசு. இரண்டாவது பக்கம் மட்டும்தான் பத்து சதவீதக் கணக்கில் வரும். அதுவே பத்தைத் தொட்டுவிட்டால் புதிதாக ஒரு குண்டுமணி கூட வாங்க வேண்டாம். பட்டியலை மனைவியோடு உட்கார்ந்து எழுதுங்கள். கணவர் தனியாக எழுதும் பட்டியலில் விற்கக்கூடியவை எப்போதும் அதிகமாக இருக்கும்.

தங்கம் எப்படியும் ஏறிக்கொண்டேதானே இருக்கும்?

1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலரைத் தொட்ட தங்கம், 2001 வாக்கில் 250 டாலர் பக்கம் வந்து நின்றது. பழைய 850ஐ மறுபடி பார்க்க 2008 ஆனது. 2011 செப்டம்பரில் 1,900 டாலர், 2015 டிசம்பரில் 1,050 டாலர். அந்தச் சரிவு நமக்கு அவ்வளவாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. அதே காலத்தில் ரூபாய் வீழ்ந்தது, அரசும் இறக்குமதி வரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்கு ஏற்றியது. அப்படியும் 2012ல் 10 கிராம் 31,000 ரூபாய் பக்கம் இருந்த சுத்தத் தங்கம், 2015ல் 26,000 பக்கம் இருந்தது. அறுபது வயதில் வாங்கியவருக்கு இந்த மூன்று வருடம் சின்ன விஷயமில்லை.

அரசு வரியை ஏற்றினால் விலை ஏறும், இறக்கினால் இறங்கும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரி 15லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. சென்னையில் அன்றே சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் சரிந்தது. முதல் நாள் வாங்கியவர்களை நினைத்தால் இப்போதும் பாவமாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக 2025ல் டாலர் கணக்கிலேயே 60 சதவீதத்துக்கு மேல் ஏறி, அக்டோபரில் 4,000 டாலரைத் தாண்டியது. எல்லோரும் இப்போது தங்கத்தைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் அந்த ஓராண்டு. முந்தைய நாற்பத்தைந்து ஆண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

எந்த வடிவில் வாங்குவது? நகையா, காசா, இடிஎஃப்பா?

நகையை முதலில் விலக்கிவிடலாம். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் சேர்த்து 12 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,12,000 ஆகிறது. அதன் மேல் 3 சதவீத ஜிஎஸ்டி போட்டால் பில் 1,15,360. அதே நகையை மறுவாரம் விற்கப் போனால் தங்கத்துக்கு மட்டும்தான் விலை, அதிலும் இரண்டு சதவீதம் கழித்தால் கையில் 98,000. போட்ட பணம் திரும்பி வரவே தங்கம் சுமார் 18 சதவீதம் ஏறவேண்டும். போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், தாராளமாக. முதலீடு என்று பெயர் வைக்க வேண்டாம்.

காசும் கட்டியும் பரவாயில்லை. செய்கூலி குறைவு, ஜிஎஸ்டி உண்டு. வங்கியில் காசு வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளவேண்டும்: விற்கும் வங்கி அதைத் திரும்ப வாங்காது. நகைக்கடைக்குத்தான் போகவேண்டும்.

கோல்ட் இடிஎஃப் என்பது தங்க விலையோடு ஏறி இறங்கும், பங்குச்சந்தையில் கைமாறும் ஃபண்ட் யூனிட். இந்தியாவில் 2007ல் வந்தது. பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கு இருந்தால் பங்கு வாங்குவதுபோல் வாங்கலாம், விற்ற மறு வேலைநாளில் பணம் வரும். தங்கம் பாதுகாவலர் வசம் இருக்கும், பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் கண்காணிப்பு உண்டு, ஆண்டுக் கட்டணம் ஒரு சதவீதத்துக்குள் முடியும். தினமும் நிறைய கைமாறும் இடிஎஃப்பாகப் பார்த்து எடுக்கவேண்டும். டீமேட் வேண்டாம் என்பவர்களுக்கு அதே இடிஎஃப்பில் முதலீடு செய்யும் கோல்ட் ஃபண்ட் இருக்கிறது, கட்டணம் கொஞ்சம் கூடும். ஓய்வு பெற்றவருக்கு என் தேர்வு இந்த இரண்டில் ஒன்று. லாக்கர் வேண்டாம், தர சந்தேகம் வேண்டாம். எல்லாவற்றையும்விட, இடிஎஃப் யூனிட்டின் மேல் யாருக்கும் பாசம் வராது. விற்கவேண்டிய நாளில் விற்றுவிடலாம்.

இதையும் நாமே கவனிக்க முடியாது என்பவர்களுக்கு மல்டி அசெட் ஃபண்ட் என்று ஒரு வகை. குறைந்தது மூன்று வகைச் சொத்துகளில் ஒவ்வொன்றிலும் பத்து சதவீதமாவது வைக்கவேண்டும் என்பது செபி விதி. மூன்றில் ஒன்று பெரும்பாலும் தங்கம் அல்லது வெள்ளி.

அரசின் தங்கப் பத்திரம்?

இருந்ததிலேயே நல்லது அதுதான், இப்போது புதிதாக வருவதில்லை. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வெளியான முதல் பத்திரம், எட்டு வருடம் கழித்து 6,132 ரூபாய்க்கு முதிர்ந்தது. நடுவில் ஆண்டுக்கு 2.75 சதவீத வட்டி வேறு. கடைசி வெளியீடு 2024 பிப்ரவரி. பழைய பத்திரங்கள் பங்குச்சந்தையில் கைமாறுகின்றன. ஆனால் தங்க விலைக்கு மேல் கூடுதல் விலை கேட்கிறார்களா என்று பார்க்கவேண்டும். முதிர்வில் வரி இல்லை என்பது வெளியீட்டிலேயே வாங்கி முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்குபவர் ஆடிட்டரைக் கேட்டுவிட்டு இறங்கவேண்டும்.

செல்போன் செயலியில் பத்து ரூபாய்க்குக்கூட டிஜிட்டல் தங்கம் வாங்கலாம் என்கிறார்களே?

2025 நவம்பரில் செபியே பொதுமக்களை எச்சரித்தது: அது தங்கள் ஒழுங்குமுறைக்குள் வரும் பொருளில்லை என்று. ஓய்வுப் பணத்துக்கு வேண்டாம்.

நகைக்கடை மாதச் சீட்டு?

பேத்தி கல்யாணத்துக்கு நகை எடுக்கப்போவது உறுதி என்றால், நாலு பேருக்குத் தெரிந்த கடையில், சேதாரத்தில் கிடைக்கும் தள்ளுபடிக்காகப் போடலாம். பதினோரு மாதம் என்ற கணக்கு ஏன் என்றால், ஒரு வருடத்துக்குள் பொருளாகக் கொடுக்கப்படும் முன்பணம் டெபாசிட் ஆகாது என்ற கம்பெனிச் சட்ட விதிதான். டெபாசிட் இல்லை என்பதால் கடை மூடினால் உங்களுக்குக் காப்பீடும் இல்லை.

"பணமாகக் கட்டுங்கள், மாதம் இரண்டு சதவீதம் தருகிறோம்" என்றோ "பழைய நகையைக் கொடுங்கள், ஒரு வருடத்தில் அதே எடைக்குச் செய்கூலி இல்லாமல் புது நகை" என்றோ சொல்பவர்கள் வேறு வகை. அப்படிப்பட்ட விளம்பரங்களில் பணத்தையும் நகையையும் விட்டுவிட்டுப் பொருளாதாரக் குற்றப் பிரிவு அலுவலக வாசலில் வரிசையில் நின்றவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. தங்கம் வைத்திருப்பவருக்குத் தங்கம் வட்டி தராது. அதிலிருந்து வட்டி தருகிறேன் என்பவர் உங்கள் தங்கத்தை வைத்து என்ன செய்கிறார் என்று கேளுங்கள்.

வெள்ளி வாங்கலாமா? பிளாட்டினம்?

வெள்ளி பாதி நகை, பாதி தொழிற்சாலைப் பொருள். சோலார் தகட்டிலும் மின்னணுப் பொருட்களிலும் போகிறது. தொழில் மந்தமானால் தங்கத்தோடு சேராமல் தனியாக விழும். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 50 டாலரை நெருங்கிய வெள்ளி, டெக்சாஸ் ஹன்ட் சகோதரர்களின் பதுக்கல் உடைந்ததும் மார்ச் இறுதியில் 11 டாலருக்குக் கீழே போனது. 2011 ஏப்ரலில் மறுபடி 50ஐ நெருங்கி, 2020 மார்ச்சில் 12க்கும் கீழ். 50 டாலரை உறுதியாகத் தாண்டியது 2025 அக்டோபரில், நாற்பத்தைந்து வருடம் கழித்து. அந்த மாதம் நம் ஊரில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்து, வெள்ளி இடிஎஃப்கள் உண்மை மதிப்பைவிட வெகுவாக உயர்ந்து விற்றன. சில ஃபண்ட் நிறுவனங்கள் புதிய மொத்த முதலீட்டையே தற்காலிகமாக நிறுத்தின. இப்படி ஒரு நேரத்தில் வரிசையில் நின்று வாங்குவது ஓய்வூதியர் செய்யவேண்டிய வேலையில்லை.

ஆசைப்பட்டால் அந்தப் பத்தில் இரண்டு வெள்ளியில் இருக்கட்டும், இடிஎஃப்பாக. கிலோ கணக்கில் கட்டி வாங்கினால் இடமும் பிடிக்கும், கறுத்தும் போகும். பிளாட்டினம் டீசல் வண்டிகளின் புகைவடிகட்டியை நம்பியிருக்கும் உலோகம். 2008ல் 2,000 டாலருக்கு மேல் போய், பிறகு பல வருடம் ஆயிரத்துக்குக் கீழே கிடந்தது. விட்டுவிடுங்கள்.

ஒரேயடியாக வாங்கலாமா, பிரித்து வாங்கலாமா?

பிரித்து. பன்னிரண்டு அல்லது பதினெட்டு மாதங்களுக்குச் சமமாகப் பிரித்து, மாதம் ஒரு தேதி வைத்து வாங்குங்கள். அந்தத் தேதியில் விலை என்ன என்று பார்க்காதீர்கள். அட்சய திருதியைக்குக் காத்திருக்கவும் வேண்டாம், அன்று தங்கம் மலிவாகக் கிடைப்பதில்லை.

எப்போது விற்பது?

இதற்குப் பதில் இல்லாமல் வாங்கவே கூடாது. இரண்டு சந்தர்ப்பங்கள். ஒன்று, தங்கம் ஏறி உங்கள் பத்து சதவீதம் பதினைந்தாக ஆகிவிட்டால், அதிகப்படியை விற்று எஃப்டிக்கோ ஃபண்டுக்கோ மாற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில் பார்த்தால் போதும். இரண்டு, பங்குச்சந்தை பெரிதாக விழுந்திருக்கும் வருடத்தில் செலவுக்கு ஃபண்டிலிருந்து எடுக்கவேண்டிய தொகையைத் தங்கத்திலிருந்து எடுங்கள். "இன்னும் ஏறுமாமே" என்று முதல் விற்பனையைத் தள்ளிப்போடுபவர்கள்தான் அதிகம். அவர்கள் செய்வது சொத்தைப் பரவலாக்குவது இல்லை, சேர்த்து வைப்பது.

வரி எவ்வளவு?

கோல்ட் இடிஎஃப்பை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீதம். நகை, காசு, கோல்ட் ஃபண்ட் என்றால் அதே 12.5, ஆனால் 24 மாதம் ஆகியிருக்கவேண்டும். அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேர்ந்து வரம்புப்படி வரி. விலைவாசிக் குறியீட்டுக் கழிவு 2024 ஜூலையோடு போய்விட்டது. அம்மாவின் பழைய நகையை விற்றால், அவர் வாங்கிய விலையையோ, 2001க்கு முன் வாங்கியது என்றால் 2001 ஏப்ரல் 1 சந்தை மதிப்பையோ அடக்கவிலையாகக் காட்டலாம்.

வேலையில் இருக்கும்போதே பிஎஃப்பை எடுத்துத் தங்கமாக்கலாமா?

பிஎஃப்பை நேரடியாகத் தங்கத்துக்கு மாற்றும் வழி கிடையாது. வேறு காரணம் காட்டி முன்பணம் எடுத்து வாங்குபவர்கள் உண்டு. 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி கொடுத்த கணக்கை உடைத்து அதைச் செய்வது எனக்குச் சம்மதமில்லை. சம்பளத்தில் மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கோல்ட் ஃபண்டில் போடுங்கள்.

வீட்டில் வைத்தால் வருமான வரிச் சோதனையில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களா? லாக்கர் பாதுகாப்பானதா?

1994ல் வந்த வருமான வரித் துறை அறிவுறுத்தல்படி திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரை நகையைச் சோதனையில் பறிமுதல் செய்யமாட்டார்கள். இது நகைக்கு, கட்டிக்கும் காசுக்கும் இல்லை. கணக்கு இருந்தால் இதற்கு மேலும் வைத்திருக்கலாம், அதனால் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வங்கி லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி என்று வங்கியின் பொறுப்பில் இழப்பு வந்தால் ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரைதான் வங்கி தரும். வாடகை 3,000 என்றால் மூன்று லட்சம். உள்ளே இருப்பது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரத்துக்கு அடகு வைக்க முடியுமா?

நகையை முடியும். தங்கக் கட்டிக்கும் கோல்ட் இடிஎஃப், ஃபண்ட் யூனிட்டுக்கும் வங்கிகள் கடன் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. வங்கி விற்ற காசுக்கு 50 கிராம் வரை தரலாம். இந்த ஒரு விஷயத்தில் நகை ஜெயிக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டால் இரண்டுமே உதவாது, சேமிப்புக் கணக்கில் இருக்கும் பணம்தான்.

மகன் அமெரிக்காவில். 401கே பணத்தை "கோல்ட் ஐஆர்ஏ"வுக்கு மாற்றச் சொல்லி அவனுக்கு விளம்பரம் வருகிறதாம்.

401கே என்பது அங்கே வேலை பார்க்கும் நிறுவனம் வழியாகச் சேரும் ஓய்வுச் சேமிப்பு, ஐஆர்ஏ என்பது தனிநபர் தொடங்கும் ஓய்வுக் கணக்கு. கோல்ட் ஐஆர்ஏ சட்டப்படி உள்ள வழிதான். 1997 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐஆர்ஏ கணக்கில் 99.5 சதவீதத் தூய்மைத் தங்கமும் 99.9 சதவீத வெள்ளியும் வைக்கலாம். அமெரிக்கன் ஈகிள் தங்கக் காசு 22 காரட் என்றாலும் அதற்கு விலக்கு உண்டு. உலோகம் அங்கீகரிக்கப்பட்ட காப்பாளரிடம் இருக்கவேண்டும். வீட்டுப் பெட்டகத்தில் வைத்த ஒரு தம்பதியின் வழக்கில், அது பணத்தை எடுத்ததற்குச் சமம் என்று 2021ல் அமெரிக்க வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாற்றுவதாக இருந்தால் நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாகப் போகட்டும். காசோலை மகன் பெயருக்கு வந்தால் 20 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். 60 நாளுக்குள் முழுத் தொகையையும் போடாவிட்டால் வரி, ஐம்பத்தொன்பதரை வயதுக்குள் என்றால் பெரும்பாலும் 10 சதவீத அபராதமும். கணக்கு தொடங்க, பராமரிக்க, பெட்டகத்துக்கு என்று தனித்தனிக் கட்டணம். காசுகளை விற்கும்போது வைக்கும் லாபம் அதைவிடப் பெரிது. சாதாரண ஐஆர்ஏ கணக்கிலேயே கோல்ட் இடிஎஃப் வாங்கலாம் என்பதை அந்த விளம்பரம் சொல்லாது.

எனக்குப் பிறகு மனைவி இதை எப்படி எடுப்பார்?

டீமேட்டிலும் ஃபண்டிலும் நாமினி பதிவு செய்யுங்கள், முடிந்தால் கூட்டுக் கணக்காக வையுங்கள். லாக்கரையும் இரண்டு பேர் பெயரில் எடுங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர்தான், வாரிசு உரிமை வேறு. பிள்ளைகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் உயில் எழுதிவிடுவது நல்லது, அதில் நகையை எடையோடு குறிப்பிடுங்கள். ஒருமுறையாவது மனைவியை உட்கார வைத்து, இரண்டு இடிஎஃப் யூனிட்டை அவர் கையாலேயே விற்கச் சொல்லி, பணம் கணக்கில் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.